ஸ்பானிஷ்காரரின் கோபத்துக்குள் ஒரு வெள்ளாடு

ஸ்பானிஷ் கற்கத் தொடங்குபவருக்கு, கோபமாக இருப்பதைச் சொல்லப் பாடப்புத்தகம் இரண்டு சொற்களைத் தரும். ஸ்பெயினில் ‘என்ஃபதாதோ’, லத்தீன் அமெரிக்காவில் ‘எனொஹாதோ’. இரண்டும் சரிதான். ஆனால் மாட்ரிட் தெருவில் காதில் விழுவது ‘கப்ரேஆதோ’. ‘காப்ரா’ என்றால் வெள்ளாடு. அதிலிருந்து பிறந்த சொல் இது. லேசான எரிச்சலுக்கும் சந்தேகத்துக்கும் ‘மொஸ்கேஆர்சே’ என்பார்கள். அதற்குள் இருப்பது ‘மோஸ்கா’, அதாவது ஈ. மெக்சிகோவில் கிடாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘என்கப்ரோனார்சே’ வந்தது. அது கொச்சை, பெரியவர்கள் முன்னால் வேண்டாம்.

ஆடும் ஈயும் அந்த ஊர்களின் சொத்து. சூடு அப்படியல்ல. ‘மெ யெர்வே லா சாங்ரே’ என்றால் ‘எனக்கு ரத்தம் கொதிக்கிறது’. தமிழிலும் அதே சொல்தான். ஒட்டும் உறவும் இல்லாத இரு மொழிகள் எப்படி ஒரே இடத்துக்கு வந்தன? விடை உடம்பில் இருக்கிறது. உளவியலாளர்கள் பால் எக்மன், ராபர்ட் லெவன்சன், வாலஸ் ஃப்ரீசன் மூவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், கோபத்தின்போது விரல் நுனியின் வெப்பம் பயத்தின்போது இருப்பதைவிட அதிகமாக ஏறியது. ஜார்ஜ் லேக்காஃப் போன்ற மொழியியலாளர்கள், இப்படி உடல் உணரும் சூடும் அழுத்தமும்தான் கோபத்தைப் பற்றிய பேச்சுக்கு அடிப்படை என்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இதயம் படபடப்பது, ரத்த அழுத்தம் ஏறுவது, முகம் சிவப்பது எல்லாம் கோபத்துக்கு மட்டும் உரியவை அல்ல, காமத்துக்கும் உரியவை. உடம்பே இரண்டையும் இவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கும்போது சொல் மட்டும் எப்படிப் பிரிந்து நிற்கும்? லத்தீனில் ‘நிமிர்ந்த’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது ‘அர்ரேச்சோ’. வெனிசுவேலாவில் அது கடும் கோபக்காரர். பெருவில் காம இச்சை கொண்டவர். கொலம்பியாவின் சாந்தாந்தேர் பகுதியில் துணிச்சல்காரர். ‘சூடான’ என்று பொருள்படும் ‘காலியெந்தே’யும் அப்படித்தான்: அர்ஜென்டினாவில் கோபத்தையும் சொல்லும், இச்சையையும் சொல்லும். வெனிசுவேலாக்காரர் பெருவின் தலைநகரான லிமாவுக்குப் போய் ‘நான் அர்ரேச்சோவாக இருக்கிறேன்’ என்றால் கேட்பவர் திகைத்துப்போவார்.

இலக்கணத்திலும் கவனிக்க ஒன்று உண்டு. ‘மெ தா ராபியா’ என்ற வாக்கியத்தை அப்படியே பிரித்தால், ‘அது எனக்குச் சினத்தைத் தருகிறது’. நம்முடைய ‘எனக்குக் கோபம் வருகிறது’ போலவே கோபப்படுபவர் இங்கே எழுவாய் இல்லை. கோபம் வெளியிலிருந்து அவரிடம் வந்து சேர்கிறது. அப்புறம் அந்த ‘ராபியா’: ஸ்பானிஷில் வெறிநாய்க்கடி நோய்க்கும் அதே பெயர்தான்.