ஜன்னலுக்கு ஒரு போர்வை

கொழிஞ்சாம்பாறையில் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த கண் முகாமில் ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை கட்டியிருந்தார்கள். பாலக்காட்டு வெயிலில் நடந்து வந்த என் சித்தியைச் செவிலியர் உடனே கேமரா முன்னால் உட்கார வைக்கவில்லை. "கொஞ்ச நேரம் இருட்டில் இருங்கள் அம்மா, கண் பாவை விரியட்டும்" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

சித்திக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்டே வந்தவர். இந்த நோயின் சூழ்ச்சியே அதுதான். சர்க்கரை மிகுந்த ரத்தம் விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்களை நைந்துபோகச் செய்கிறது. அவை மயிரிழைப் பருமனில் அங்கங்கே புடைத்துக் கசியத் தொடங்கும். பார்வை மங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

கேமரா எடுக்கும் விழித்திரைப் படத்தில் புள்ளிகளாகத் தெரியும் அந்தப் புடைப்புகளை, முகாமில் வைத்திருந்த செயற்கை நுண்ணறிவு மென்பொருள் எப்படிப் பிடிக்கிறது? 'புடைப்பு என்றால் இப்படி இருக்கும்' என்று யாரும் அதற்குச் சொல்லித் தருவதில்லை. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அவற்றில் உண்டு. ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 மருத்துவர்கள் பார்த்து நோயின் நிலையைக் குறித்தார்கள். ஒரே படத்துக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வது சகஜம்; அதனால்தான் இத்தனை பேர். தொடக்கத்தில் மென்பொருளின் விடைகள் குருட்டாம்போக்கில்தான் இருக்கும் (கண்ணைப் பற்றி எழுதும்போதா இந்தச் சொல் வந்து விழவேண்டும்!). மருத்துவர்கள் குறித்ததிலிருந்து விடை விலகும்போதெல்லாம் தனக்குள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களை அது துளித்துளியாகத் திருத்திக்கொள்கிறது. மென்பொருள் அடுக்கடுக்காக அமைந்தது. முதல் அடுக்குகள் விளிம்பையும் நிறமாற்றத்தையும் மட்டுமே உணரும். அவற்றைக் கோத்து அடுத்த அடுக்குகள் குழாயின் வளைவையும் புள்ளியையும் அறியும்.

ஆனால் படம் தெளிவாக இருந்தால்தான் இதெல்லாம். தாய்லாந்து மருத்துவ நிலையங்களில் இந்த முறையைப் பயன்படுத்தியபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான படங்களைத் தரம் போதாதென்று மென்பொருள் தள்ளிவிட்டது. அறை வெளிச்சமும் ஒரு வில்லன் என்று 2020-இல் வெளியான ஆய்வு சொன்னது. போர்வை கட்டியவர் அதைப் படித்திருக்க வேண்டியதில்லை.

சித்தியின் வலது கண்ணில் பாதிப்பு இல்லை என்று சில நொடிகளில் வந்துவிட்டது. இடது கண்ணை மூன்று முறை எடுத்தும் படம் மங்கல். மென்பொருள் விடை சொல்ல மறுத்துவிட்டது. செவிலியர் டார்ச் அடித்துப் பார்த்து, கண்புரை என்று பாலக்காட்டுக்குச் சீட்டு எழுதினார்.

"மிஷினுக்கே தெரியவில்லையாம், எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றார் சித்தி, செருப்பைத் தேடியபடி.