வொலியூம் புரொபைல்: ‘தொகுதி சுயவிவரம்’ அல்ல, விலைவாரி அளவுப்படம்

‘வொலியூம் புரொபைல்’ என்பது, சந்தையில் எந்த விலையில் எவ்வளவு கைமாறியது என்று விலை வரைபடத்தின் ஓரத்தில் காட்டும் படம். அந்தப் பெயரை இயந்திர மொழிபெயர்ப்பிடம் கொடுத்தால் பெரும்பாலும் ‘தொகுதி சுயவிவரம்’ என்று திரும்பி வரும். இரண்டும் தனித்தனியே நல்ல தமிழ்ச் சொற்கள்தான். சேர்ந்து நின்றால் பொருளே இல்லை. அமெரிக்கச் சந்தை திறக்கும் நேரம் பார்த்து யாழ்ப்பாணத்தில் கணினி முன் உட்காருபவருக்கு இது வெறும் மொழிக்குறை அல்ல. பெயர் பிழைத்தால், படத்தில் எதைப் பார்ப்பது என்பதும் சேர்ந்து பிழைத்துவிடும்.

வொலியூமின் வேர் இலத்தீனின் ‘வொல்வெரே’: உருட்டு, சுருட்டு. அதிலிருந்து ‘வொலூமென்’, அதாவது சுருட்டி வைத்த சுவடி. சுவடி பிறகு புத்தகமானது. புத்தகத்தின் தடிப்பிலிருந்து பருமன் என்ற பொருள் பிறந்தது. பருமனிலிருந்து ‘எவ்வளவு’ என்ற பொது அளவு. சந்தை எடுத்துக்கொண்டது இந்தக் கடைசிப் பொருளை. இயந்திரமோ இடையில் நின்ற புத்தகத்தைப் பிடித்துக்கொண்டது. ‘தொகுதி’ அங்கிருந்துதான் வந்தது. நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் ‘கனவளவு’ என்பார்கள். அது நீளம், அகலம், உயரம் பெருக்கிப் பெறுவது. கைமாறிய பங்குகள், ஒப்பந்தங்களின் எண்ணிக்கைக்குப் பொருந்தாது.

புரொபைல் இத்தாலிய ‘புரொஃபிலோ’விலிருந்து வந்தது, அதற்கும் பின்னால் இலத்தீனில் ‘ஃபீலும்’, நூலிழை. நூல் பிடித்தாற்போல ஒரு பொருளின் வெளிக்கோட்டை வரைவதே முதற்பொருள். ஒருவரின் பக்கவாட்டு முகம், மண் அடுக்குகளின் பக்கப்பார்வை எல்லாம் இதன் வழி வந்தவை. ‘சுயவிவரம்’ மட்டும் சமூக வலைத்தளங்கள் தந்த பொருள். (ஒன்றின் வேரில் சுவடி, மற்றதன் வேரில் நூல். தமிழில் நூலும் புத்தகமாவது தற்செயல்தான், ஆனாலும் அழகான தற்செயல்.)

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘புரள்வு’ என்று ஒரு சொல் நம் கணக்கியல் பாடத்தில் இருக்கிறது. இலத்தீன் வேரோடுகூட ஒத்துப்போகிறது, சுருட்டுவதும் புரட்டுவதும் அண்டைச் செயல்கள். ஆனால் புரள்வு என்றால் பணத்தொகை. வொலியூம் கைமாறிய எண்ணிக்கை. இரண்டையும் கலந்தால் கணக்குக் குழம்பும். ‘கைமாற்று’ என்று சுருக்கலாமா என்றால், ஊரில் கைமாற்று என்பது அவசரத்துக்கு வாங்கும் சிறு கடன். ஆகவே எங்கள் தெரிவு ‘விலைவாரி அளவுப்படம்’. மாவட்டவாரி, வயதுவாரி என்று புள்ளிவிபரங்களில் பழகிய அதே ‘வாரி’. அது உருது வழியாக நம் கணக்கெழுத்துக்குள் வந்த ஒட்டு. தூய்மை விரும்புவோர் ‘விலைநிரல் அளவு’ எனலாம். எப்படியும் ‘விலை’ என்ற சொல் பெயருக்குள் நிற்க வேண்டும். ஆங்கிலப் பெயரில் இல்லாததும், படத்தை விளங்க முதலில் வேண்டியதும் அதுதான்.

விலை வரைபடத்தின் அடியில் நிமிர்ந்து நிற்கும் சலாகைகள் ‘எப்போது எவ்வளவு’ என்று சொல்பவை. விலைவாரி அளவுப்படத்தின் சலாகைகள் விலை அச்சோடு படுத்துக் கிடக்கும். அவை ‘எந்த விலையில் எவ்வளவு’ என்று சொல்கின்றன. நேரம் அங்கே அழிந்துபோகிறது. சுன்னாகம் சந்தையில் ஒரு காலையில் சின்ன வெங்காயம் விற்றதை இப்படி வைத்துக்கொள்வோம்: கிலோ 280 ரூபாவுக்கு 40 கிலோ, 290க்கு 110, 300க்கு 260, 310க்கு 190, 320க்கு 90, 330க்கு 60, 340க்கு 50. மொத்தம் 800 கிலோ. விலை 340 வரை ஏறியது உண்மை. ஆனால் வாங்கியவரும் விற்றவரும் பெரும்பாலும் ஒத்துப்போனது 300, 310இல்தான்.

மிக நீண்ட சலாகை நிற்கும் விலைக்கு ‘பொயின்ற் ஒஃப் கொன்ட்ரோல்’ என்று பெயர். ‘கட்டுப்பாட்டுப் புள்ளி’ என்று மொழிபெயர்க்க வேண்டாம்; அந்த விலை எதையும் கட்டுப்படுத்துவதில்லை. ‘உச்ச அளவு விலை’ போதும். நம் வெங்காயத்தில் அது 300. அதைச் சுற்றி மொத்த அளவில் 70 சதவீதம் அடங்கும் பகுதி ‘வலியூ ஏரியா’. நாம் ‘பெறுமதி வலயம்’ என்போம். அந்த 70, மணி வடிவப் பரம்பலில் சராசரியிலிருந்து நியம விலகல் ஒன்றுக்குள் அடங்கும் ஏறத்தாழ 68 சதவீதத்தைத் தழுவியது.

வலயத்தை எடுக்கும் கணக்கைக் கையால் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. 800இல் 70 சதவீதம் 560. உச்சத்தின் 260இல் தொடங்குங்கள். மேலே 190, கீழே 110. பெரியதைச் சேர்த்தால் 450. இனி மேலே 90, கீழே 110. கீழே உள்ளதைச் சேர்த்தால் 560. வலயம் 290 முதல் 310 வரை. ஆனால் பழைய முறை இரண்டிரண்டு வரிகளாக (ஒரு விலைக்கு ஒரு வரி) ஒப்பிடும். மேலே 190ம் 90ம் சேர்ந்து 280, கீழே 110ம் 40ம் சேர்ந்து 150. முதலில் மேலே சேர, 540. இன்னும் போதாது. அடுத்து மேலே 110, கீழே 150. கீழே சேர, 690. இப்போது வலயம் 280 முதல் 320 வரை. தரவு ஒன்று, விடை இரண்டு. இரண்டு மென்பொருட்கள் வெவ்வேறு விளிம்பு காட்டினால் பதறத் தேவையில்லை. கணக்கு முறையையும் வரியின் விலை அகலத்தையும் பாருங்கள். ஒரு முறையைத் தெரிந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

இந்த வகைப் படத்துக்கு வழி காட்டியவர் சிக்காகோ வர்த்தக சபையில் வியாபாரம் செய்த பீற்றர் ஸ்ரைடில்மயர். 1980களில் அங்கிருந்து வெளிவந்த ‘மார்க்கெற் புரொபைல்’ அவருடையது. அது அரை மணிக்கு ஓர் எழுத்தாக, விலை எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று காட்டும். அளவுப்படம் நேரத்தை எடுத்துவிட்டு ஒப்பந்த எண்ணிக்கையை வைத்தது. இரண்டும் ஒன்றல்ல.

அளவுப்படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை, சந்தைக்குள் எத்தனை பங்குகள் ஏறுகின்றன, இறங்குகின்றன என்று சொல்லும் ‘மார்க்கெற் இன்ரேர்னல்ஸ்’. இதை ‘சந்தை உள்ளகங்கள்’ என்று எழுதினால் கட்டடத்தின் உட்புறம் போல் இருக்கிறது. ‘உட்குறிகள்’ என்பது பொருந்தும். இவை ஏன் தேவை? அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளை அளக்கும் எஸ் அன்ட் பி 500 சுட்டெண், சந்தைப் பெறுமதியால் நிறையிடப்பட்டது. சில பெரிய நிறுவனங்கள் ஏறினால், மற்றப் பங்குகள் பல இறங்கினாலும் சுட்டெண் ஏறும். உட்குறி அந்த மற்றப் பங்குகளைக் காட்டும்.

இங்கே மிகவும் குழப்பும் சொல் ‘ரிக்’. ஒரே ஒலி, மூன்று பொருள். முதலாவது, விலை நகரும் மிகச் சிறிய படி: எஸ் அன்ட் பி 500 சுட்டெண்ணை ஒட்டிய எதிர்கால ஒப்பந்தமான (பின்னொரு திகதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) இ-மினியில் 0.25 புள்ளி, 12.50 டொலர், 2019இல் வந்த, அதில் பத்திலொரு பங்கான மைக்ரோவில் அதே 0.25 புள்ளிக்கு 1.25 டொலர். இதை ‘விலைப்படி’ எனலாம். இரண்டாவது, நியூயோர்க் பங்குச் சந்தையின் ரிக் உட்குறி: கடைசி வியாபாரம் முந்தியதைவிட மேலே நடந்த பங்குகளின் தொகையிலிருந்து கீழே நடந்தவற்றின் தொகையைக் கழித்தது. 1700 மேலே, 900 கீழே என்றால் +800. இதற்கு ‘ஏற்றிறக்க மிச்சம்’ என்று பெயர் வைக்கலாம். மூன்றாவது ‘ரிக் வொலியூம்’. அதற்குக் கடைசியில் வருவோம். ஏனைய உட்குறிகளில் ‘அட்’ என்பது நேற்றைய முடிவைவிட ஏறிய பங்குகளுக்கும் இறங்கியவற்றுக்கும் உள்ள வித்தியாசம். ‘வோல்ட்’ அந்த இரு கூட்டத்தின் வர்த்தக அளவு வித்தியாசம். 1967இல் ரிச்சர்ட் ஆம்ஸ் தந்த ‘ட்ரின்’, ஏறிய பங்குகளை இறங்கியவற்றால் வகுத்த விகிதத்தை, அவற்றின் அளவு விகிதத்தால் மீண்டும் வகுப்பது. 1க்குக் கீழே வந்தால் வாங்குபவர் பக்கம் வலு.

நடைமுறைக்கு வருவோம். நியூயோர்க்கில் காலை 9.30 என்பது நமக்குக் கோடையில் இரவு 7 மணி, மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. மற்றக் காலத்தில் 8 மணி. திறப்பதற்கு அரை மணி முன்பே நேற்றைய பகல் அமர்வின் பெறுமதி வலயத்து மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, உச்ச அளவு விலை, நியூயோர்க் பங்குச் சந்தை மூடியிருக்கையில் எதிர்கால ஒப்பந்தம் ஓடும் இரவு அமர்வின் உச்சம், தாழ்வு ஆகிய ஐந்தையும் குறித்துவிட வேண்டும். முதற்கேள்வி ஒன்றுதான்: விலை நேற்றைய வலயத்துக்கு உள்ளே திறக்கிறதா, வெளியேயா? உள்ளே என்றால் விளிம்புக்கு விளிம்பு ஆடும் நாளை எதிர்பார்க்கலாம். வெளியே திறந்து மீண்டும் உள்ளே வந்து, அடுத்தடுத்த இரண்டு அரை மணிக்கு அங்கேயே நின்றால், எதிர் விளிம்பு வரை போகும் வாய்ப்பு உண்டு. இதற்கு ‘80 சதவீத விதி’ என்ற பெயர் ஊன்றிவிட்டது. அந்த எண்ணை நிகழ்தகவாக நம்பிப் பணம் வைக்க வேண்டாம்.

கீழ் விளிம்பைத் தொட்டவுடன் வாங்குவது பிழை. அங்கேதான் உட்குறி வேலை செய்கிறது. முதல் இறக்கத்தில் ஏற்றிறக்க மிச்சம் −900. அடுத்த முறை விலை அதே இடத்துக்கு வரும்போது −400 மட்டும். அட் மேலும் தாழவில்லை. இப்போது விற்பவர் களைத்திருக்கிறார் என்று எடுக்கலாம். மாறாக, மிச்சம் நாள் முழுக்கச் சுழியத்துக்குக் கீழேயே கிடந்து, அட் படிப்படியாகச் சரிந்தால், விளிம்பு ஒரு கோடு மட்டுமே. அதைக் கிழித்துக்கொண்டு விலை போகும். வாங்கினால் ஸ்ரொப் லொஸ்ஸை (நட்டம் பெருகாமல் தானாக விற்று வெளியேறும் விலையை) விளிம்புக்கு அப்பால், அளவு மெலிந்த இடத்தைத் தாண்டி வையுங்கள். மெலிந்த இடத்தில் ஒப்பந்தங்கள் குறைவாகவே நடந்திருக்கும், விலை அதைச் சட்டென்று கடந்துவிடும். 6 புள்ளித் தூரம் என்றால் மைக்ரோ ஒன்றுக்கு 30 டொலர், இ-மினி ஒன்றுக்கு 300. 3000 டொலர் கணக்கில், ஒரு வியாபாரத்தில் இழப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு நிற்பவருக்கு ஒரு மைக்ரோதான் கணக்கு. (நாட்டிலிருந்து இதற்குப் பணம் அனுப்புவது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டது, முதலில் வங்கியிடம் கேளுங்கள்.)

பிழைகள் பெரும்பாலும் அமைப்பில்தான் வரும். மென்பொருளின் அமர்வை கொழும்பு நேரத்தில் பூட்டி வைத்தால், அமெரிக்காவில் மணி மாறும் நாளிலிருந்து படம் ஒரு மணி பிசகும். இரவு அமர்வின் அளவையும் பகலையும் ஒன்றாகக் கலந்தால் உச்சம் இடம் மாறும். மார்ச், யூன், செப்டெம்பர், டிசெம்பர் மாதங்களில் ஒப்பந்தம் காலாவதியாகும். அதை ஒட்டி வியாபாரம் அடுத்த ஒப்பந்தத்துக்குப் போய்விடும், பழையதன் படம் வெறுமையாகும். ஏற்றிறக்க மிச்சம் நியூயோர்க் சந்தை நேரத்தில் மட்டுமே ஓடும். மற்ற நேரத்தில் திரையில் நிற்பது நேற்றைய கடைசி எண்.

இனி அந்த மூன்றாவது ரிக். இங்கே பலர் உண்மையான எதிர்கால ஒப்பந்தத்தில் அல்ல, தரகர் தரும் ‘யூஎஸ் 500’ போன்ற வித்தியாச ஒப்பந்தங்களில்தான் (சி.எஃப்.டி.: எதையும் வாங்காமல் விலை வித்தியாசத்தை மட்டும் தரகரோடு தீர்ப்பவை) வியாபாரம் செய்கிறார்கள். அங்கே பெரும்பாலும் கிடைப்பது ரிக் வொலியூம்: விலை எத்தனை தடவை மாறியது என்ற எண்ணிக்கை. ஒரு தடவையில் ஓர் ஒப்பந்தம் கைமாறினாலும் ஐந்நூறு கைமாறினாலும் அது ஒன்று என்றே எண்ணும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒரே நாளின் பகல் அமர்வை, இ-மினி நடக்கும் சிக்காகோ பரிமாற்றத்தின் தரவிலும் தரகரின் தரவிலும் வரைந்து, உச்ச அளவு விலை இரண்டிலும் ஒத்த இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். எதிர்கால ஒப்பந்தத்துக்கும் சுட்டெண்ணுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை முதலில் கழிக்க வேண்டும். ஒத்து வந்தாலும், தரகரின் படத்துக்கு உரிய பெயர் ‘விலைவாரி மாற்ற எண்ணிக்கைப்படம்’. அதை அளவுப்படம் என்று எழுதக்கூடாது.