புள்ளி வைத்த கட்டங்கள்

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டுக்கு மேல்தளக் காங்கிரீட் போட்ட மறுநாள். எலக்ட்ரீஷியன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாரே, பெட்ரூம்ல ஃபேன் பாக்ஸ் வைக்கலியே, நான் திங்கக்கிழமை வாறேன்னு குரூப்புல போட்டேன்லா?" என்றார். போட்டுத்தான் இருந்தார். அதற்குக் கீழே கம்பி லோடு படங்கள் பதினாறு, இரண்டு குட்மார்னிங், ஒரு கல்யாண அழைப்பிதழ். யார் கண்ணிலும் படவில்லை. ஃபேன் மாட்டும் அந்தப் பெட்டியைக் காங்கிரீட் போடும் முன்பே பதித்திருக்க வேண்டும். பிறகு தளத்தைத் துளைத்து ஆங்கர் போல்ட் அடித்து ஒப்பேற்றினோம். வயர் பைப்பு வெளியே தெரியும்படிதான் ஓடுகிறது. வீட்டுக்காரர் இன்றும் என்னைக் கண்டால் விரலை மேலே நீட்டுவார்.

நாகர்கோவிலில் ஒன்பது பேரோடு சிறிய கட்டுமான வேலை செய்கிறேன். வாட்ஸ்அப் பேசுவதற்கு நல்லது, வேலையை நிர்வகிக்க ஆகாது என்று அன்றைக்குப் புரிந்தது. ஆன்லைன் மென்பொருள்களைத் தேடினேன். ட்ரெல்லோ, ஆசனா, நம்ம ஜோஹோ புராஜெக்ட்ஸ் என்று நிறைய இருக்கின்றன. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ள ரெட்மைன், ஓப்பன்புராஜெக்ட் உண்டு. எல்லாமே நம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக் கூடியவை. நான் சறுக்கியதும் அந்த வசதியில்தான்.

கை அரித்தது. ஒவ்வொரு வேலைக்கும் 22 கட்டங்கள் வைத்தேன்: சிமெண்ட் பிராண்ட், ஆள் கணக்கு, தண்ணீர் எங்கிருந்து வந்தது வரைக்கும். எல்லாம் கட்டாயம், நிரப்பாமல் சேமிக்க முடியாது. இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் பாதிக் கட்டங்களில் வெறும் புள்ளி. கொத்தனார் அண்ணனிடம் கேட்டேன். "ஒரு புள்ளி வச்சா அது உள்ள விடுது சாரே, பொறவு எதுக்கு எழுதணும்?" நியாயம்தானே! அந்தப் புள்ளிகளையும் கூட்டி ஒரு அழகான வரைபடம் போட்டுக் காட்டியது மென்பொருள்.

இப்போது ஐந்தே கட்டங்கள். என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எதற்காகக் காத்திருக்கிறது, மழையால் போன நாள். கடைசிக் கட்டம் நம் மாவட்டத்துக்காரர் மனதில்தான் தோன்றும். ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. வெளியூர் ஆள் போட்ட அட்டவணை இங்கே நிற்காது.

நான்காவது கட்டம்தான் உயிர். மின்பைப்பு வேலைக்குச் சூப்பர்வைசர் டிக் போடாமல் காங்கிரீட் வேலை 'தயார்' நிலைக்கு நகராது. அந்த ஒரு விதியை அமைக்க அரை மணி நேரம் ஆனது. ஃபேன் பாக்ஸ் கதை அதற்குப்பின் நடக்கவில்லை.

இன்னொன்று, 'முடிந்தது' என்ற சொல். கொத்தனாருக்குக் காங்கிரீட் கொட்டியதும் முடிந்தது. எனக்கு, தளத்தை அடியில் தாங்கும் முட்டுகளைப் பிரித்த பிறகுதான் முடிந்தது. அதனால் அதை 'போட்டாச்சு', 'நனைப்பு', 'முட்டு எடுக்கலாம்' என்று மூன்றாக உடைத்தோம். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி, தாங்கும் சுவர்களுக்கோ உத்தரங்களுக்கோ இடையே 4.5 மீட்டர் வரை நீளும் தளத்துக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். அது சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கான கணக்கு, நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் நாங்கள் இன்னும் தள்ளிவைப்போம். 'போட்டாச்சு'வுக்கு நகர்த்தியதும் தேதியை மென்பொருளே எண்ணிக்கொள்ளும். ஆனால் முட்டு எடுக்கச் சொல்வது பொறியாளர்தான். அந்த அனுமதியை வேறு யாருக்கும் நான் கொடுக்கவில்லை.

அனுமதி என்றதும் ஞாபகம் வருகிறது. வேலையைவிட்டுப் போன ஒருவரின் மென்பொருள் கணக்கை நாங்கள் நான்கு மாதம் நீக்காமலே வைத்திருந்தோம்! வீட்டுக்காரரின் போன் எண், வரைபடம், பாக்கித் தொகை எல்லாம் அதில் இருந்தன. 2018-இல் 'பப்ளிக்' என்று வைக்கப்பட்ட ட்ரெல்லோ பலகைகள் (வேலைகளை அடுக்கி வைக்கும் பக்கங்கள்) கூகுள் தேடலில் அகப்பட்டு, அவற்றிலிருந்த கடவுச்சொற்கள்கூட வெளியே தெரிந்தன. உங்கள் பலகையின் அமைப்பை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டுக்காரருக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் சி.எஸ்.வி. என்னும் சாதாரண அட்டவணைக் கோப்பாக இறக்கி வைக்கிறேன். வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலியை 2020 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மூடியபோது பட்டியல்களை வேறு இடத்துக்கு மாற்ற அலைந்தவர்கள் ஏராளம்.

ஜல்லி லோடு மட்டும் இன்னும் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. டிரைவர் அண்ணன் போனில்தான் சொல்வார், அதுவும் லாரி சைட்டுக்கு முன்னால் வந்து நின்ற பிறகு.