இன்சுலினை நிறுத்தச் சொன்ன அந்தத் தூள்

போன கிழமை மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து ஒரு வேளாண்மைக்காரர் வந்தார். வயது ஐம்பத்தாறு. வலது காற்பெருவிரல் கறுத்துப்போய், பாதம் வீங்கி, நாற்றம் அறைக்கு வெளியிலும் அடித்தது. சீனி 480. கிளினிக் கொப்பியைப் புரட்டினால் ஐந்து மாதமாக ஒரு பதிவும் இல்லை.

"இன்சுலின் போடுறீங்களா அண்ணன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பைக்குள்ளிருந்து மினுங்குகிற பெட்டியொன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இதக் குடிச்சா ஊசி தேவல்ல எண்டு சொன்னாங்க டொக்டர். ஸ்டெம் செல்லாம். பழுதான சதையி புதுசா வளருமாம்." சதையி என்பது உடம்பில் இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு.

மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. இந்த வருடம் இப்படி என்னிடம் வந்த நான்காவது ஆள் இவர். மற்ற மூவரைப் பற்றி நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஒரு பெட்டி 18,000 ரூபாய். ஐந்து பெட்டி வாங்கியிருக்கிறார்கள், பெரும்போக நெல் விற்ற காசில். அவர் நிறுத்திய இன்சுலினோ அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பது. விற்றதும் யாரோ வழிப்போக்கர் அல்ல, மனைவிக்கு மச்சாள் முறையான பிள்ளை. தனக்குக் கீழே ஆள் சேர்த்தால் காசு வரும் என்று அந்தப் பிள்ளைக்கும் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஆள் சேர்ப்பையே வருமானமாகக் கொண்ட பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டத்துக்குப் புறம்பானவை.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன? பெரும்பாலும் ஆப்பிள் கலத்தின் சாறு என்று எழுதியிருக்கும். சுவிட்சர்லாந்தில் பறித்த பிறகும் நெடுநாள் வாடாமல் இருக்கும் பழைய ஆப்பிள் இனம் ஒன்று உண்டு. அதன் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, உடைத்து, சாறாக்கி முகப்பூச்சுகளில் சேர்த்தார்கள். உடைத்த கலம் செத்த கலம். அந்தச் சாற்றின் கதைதான் இன்று தூளாகி, மட்டக்களப்பில் நீரிழிவுக்கு மருந்தாக விலைபோகிறது.

சரி, உயிருள்ள மூலக்கலத்தையே, அதாவது வேறு கலங்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லையே, விழுங்கினால்? இதை நிதானமாக வாசியுங்கள். இந்த ஒரு நம்பிக்கைதான் என்னை மிகவும் வருத்துகிறது. தென்னங்குருத்து சாப்பிட்டிருக்கிறீர்களா? 1978 நவம்பர் சூறாவளியில் தென்னைகள் சாய்ந்தபோது எத்தனையோ வீடுகளில் அதைத்தான் வெட்டிச் சாப்பிட்டதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மரத்தின் மூலக்கலங்கள் குவிந்திருப்பது அந்தக் குருத்தில்தான். வயிற்றுக்குள் போனதும் அதுவும் சோறு போலச் சமித்து முடிந்துவிடும். மரத்தின் கலம் மனிதச் சதையியாக மாறாது. மனிதக் கலத்தையே விழுங்கினாலும் இரைப்பையின் அமிலமும் குடலின் நொதியங்களும் அதைப் பிய்த்துப்போட்டுவிடும். இன்சுலின் ஏன் ஊசியாகவே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? 1922இல் ரொரன்றோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் ஏற்றிய நாளிலிருந்து இன்றுவரை அது பெரும்பாலும் ஊசிதான். 51 அமினோ அமிலங்கள் கோர்த்த ஒரு சின்ன மூலக்கூறு, அதுவே வாயால் கொடுத்தால் சமித்துப்போகிறது. ஒரு முழுக் கலம் மட்டும் எப்படித் தப்பிப்போய்ச் சதையியைத் தேடிப்பிடிக்கும்?

இதைவிடப் பொல்லாத பொய்யொன்றும் உண்டு. "சீனி ஏறினால் பயப்படாதீங்க, புதுக் கலம் வேலை தொடங்கிற்று. புண்ணில் சீழ் வடிந்தால் உடம்பிலுள்ள நஞ்சு வெளியேறுது." இந்த மனிதர் பெருவிரல் கறுத்த பிறகும் இரண்டு கிழமை வீட்டிலிருந்தது இந்தச் சொல்லை நம்பித்தான். வருத்தம் கூடுவதையே குணமாவதன் அடையாளமாக ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்டெம் செல் என்பதே பொய்யென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. என்புமச்சை (எலும்பு மஜ்ஜை) மாற்றுச் சிகிச்சை மூலக்கலச் சிகிச்சைதான். அதற்காக அமெரிக்க மருத்துவர் டொனால் தோமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. குருதிப் புற்றுநோய்க்கும் பரம்பரைக் குருதி நோயான தலசீமியாவுக்கும் அது இலங்கையிலும் செய்யப்படுகிறது. 2006இல் ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்கா, சுண்டெலியின் தோல் கலத்தை நான்கு மரபணுக்களால், எந்தக் கலமாகவும் வளரக்கூடிய முளைய நிலைக்குத் திருப்பிக் காட்டினார். அடுத்த வருடம் மனிதக் கலத்திலும் செய்தார். எரிகாயத்தால் கருவிழி வெளுத்தவர்களுக்கு அவர்களது கண்ணிலிருந்தே மூலக்கலம் எடுத்து வளர்த்துப் பொருத்தும் முறைக்கு 2015இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது.

நீரிழிவிலும் உண்மையான செய்தி இருக்கிறது. மூலக்கலத்திலிருந்து ஆய்வுகூடத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை உருவாக்கி, கல்லீரலுக்குப் போகும் நாளத்தின் வழியாக ஏற்றினார்கள். முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடத்தின் பின் இன்சுலின் தேவைப்படவில்லை என்ற முடிவு 2025இல் வெளியானது. அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோசம். ஆனால் அவர்கள் முதலாம் வகை நீரிழிவுக்காரர்கள், அதாவது இன்சுலின் சுரக்கும் கலங்களைச் சொந்த உடம்பே அழித்துவிட்டவர்கள், சீனி சடுதியாக இறங்கி மயங்கி விழுகிறவர்கள். ஏற்றிய கலத்தை உடம்பு அழித்துவிடாமல் இருக்க நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். எங்கள் கிளினிக்கில் மிகப் பெரும்பாலானோருக்கு இருப்பது இரண்டாம் வகை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத வகை. இத்தனை பேருடைய உழைப்பின் பெயரைத் திருடித்தான் அந்தப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தாய் ஒருவர், வளவை ஈடுவைத்து ஸ்டெம் செல் சிகிச்சைக்காக இந்தியாவுக்குப் போக ஆயத்தமாகி, கடைசி நேரத்தில் என்னிடம் கேட்டார். நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல்படி, அங்கீகரிக்கப்பட்ட குருதி நோய்கள் போன்றவற்றுக்கான என்புமச்சை வகைச் சிகிச்சை தவிர்ந்த மற்றெல்லாம் ஆராய்ச்சியாகவே செய்யப்பட வேண்டும். ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுப்பவரிடம் இலட்சக்கணக்கில் காசு கேட்பது ஆராய்ச்சியே இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் கொழுப்பிலிருந்து எடுத்த கலத்தைக் காசுகட்டிக் கண்ணில் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெருமளவில் இழந்தார்கள். 2017இல் அது மருத்துவ இதழில் பதிவானது. அந்தத் தாய் போகவில்லை. பிள்ளைக்கு இயன்மருத்துவம் (பிசியோதெரபி) நடக்கிறது. கழுத்து நிற்கத் தொடங்கியிருக்கிறது.

எந்தத் தூள் குடித்தாலும் இன்சுலினையும் குளிசையையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், பள்ளிக்கூட அதிபராகவே இருந்தாலும், கேட்காதீர்கள். மருந்தென்று விற்றால், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவிருக்கிறதா என்று கேளுங்கள். காலைத் தினமும் இரவில் வெளிச்சத்தில் பாருங்கள், குனிய ஏலாதென்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலில் விறைப்பு உள்ளவர்கள் கதிர்காமப் பாதயாத்திரைக்கும் தீமிதிப்புக்கும் நேர்த்தி வைக்க முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த மாதங்களில் மருந்து கட்டும் அறையில் நிற்க இடமிருக்காது. சின்னப் புண்ணென்றாலும் அன்றைக்கே வாருங்கள்.

விற்கிற பிள்ளைகளே, நீங்களும் ஏமாந்தவர்கள்தான் என்று எனக்குத் தெரியும். யாருக்கு விற்றீர்களோ அந்த வீட்டுக்கு இன்றைக்கே போய், ஊசியைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. கிளினிக்கில் காலை ஆறு மணிக்கு வந்து காத்திருக்கும் உங்களோடு நான் பேசுவது மூன்று நிமிடம். பெட்டி விற்கிறவர் உங்கள் திண்ணையில் ஒரு மணித்தியாலம் இருந்து, பிள்ளைகளின் பெயர் சொல்லி விசாரித்துப் பேசுகிறார். அந்த மனைவி கடைசியில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "ஊசிய விட்டத்துக்கு ஏசுவீங்க எண்டுதான் டொக்டர் வரல்ல."

ஏசமாட்டேன். எத்தனை மாதம் விட்டிருந்தாலும் கொப்பியோடு வாருங்கள். பெட்டி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், சேர்ந்தே வாசித்துப் பார்ப்போம்.