மசாஜுக்கு முன்னால் மாத்திரைச் சீட்டு

ஆயுர்வேத மசாஜ், யோகா, இயற்கை வைத்தியம் என்று புதுச்சேரிக்கு ஒரு வாரம் தங்க வரும் பெரியவர்கள் என் கிளினிக்கிலும் எட்டிப் பார்ப்பதுண்டு. இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், மூலிகையைச் சொல்பவர் குறைவு. "பொண்ணு புக் பண்ணுச்சு", "பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு முட்டி வலி கொறஞ்சிருச்சாம்", "ஜிப்மர் பக்கத்துலதானே இருக்கு". மூன்றாவது பதில் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஜிப்மர் என்ற அந்தப் பெரிய அரசு மருத்துவமனை இருப்பது கோரிமேட்டில். கடற்கரை ரிசார்ட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்துவிடுங்கள்.

பிள்ளைகள் படத்தைப் பார்த்து புக் செய்கிறார்கள். பழைய பிரெஞ்சு வீடு அழகுதான், ஆனால் பல வீடுகளில் மாடிக்கு லிஃப்ட் கிடையாது. முட்டி வலிக்கென்று வந்தவர் படியேறிப் படியேறி வலியைக் கூட்டிக்கொள்வார். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்பதையும் போனிலேயே கேட்கலாம்.

எனக்குப் பெரிய கவலை, சேரும்போது நிரப்பும் படிவம். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரே 'இல்லை' என்று எழுதிவிடுகிறார். சொன்னால் மசாஜ் கிடைக்காது, மகன் கட்டிய பணம் வீண். அதைவிட, 'இவ்வளவு வியாதியோட இதெல்லாம் தேவையா' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம்.

சர்க்கரை மாத்திரையான கிளிமெபிரைடு போட்டுக்கொண்டு விரதம் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். இன்சுலின் போட்ட இடத்தைச் சூடாக்கினாலும் தேய்த்தாலும் மருந்து வேகமாக ரத்தத்தில் கலக்கும். பிரஷர் மாத்திரையோடு நீராவிக் குளியல் எடுத்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். அந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்புக்கு ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவரை அழுத்திப் பிடித்துவிட்டால் சதைக்குள் ரத்தம் கட்டலாம். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குக் கிழி ஒத்தடத்தின் சூடு தெரியாது, மறுநாள் கொப்புளம்தான் தெரியும். கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கமே போக வேண்டாம்.

மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு 'உங்களுக்கு இது வேண்டாம்' என்று சொல்லும் மையத்தை நான் நம்புவேன். எல்லாருக்கும் ஒரே பேக்கேஜ் என்றால் யோசியுங்கள். கையில் பற்பம், செந்தூரம் என்று உலோகம், தாதுவில் செய்த மருந்துகளைக் கொடுத்தால், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடக் கூடாது.

மலிவாகக் கிடைக்கிறதென்று அக்னி நட்சத்திரத்தில் வருபவர்களும் உண்டு. நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த வெயிலும் நீராவியும் சேர்ந்தால் உடம்பில் சோடியம் குறைந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் புயலை நினைவில் வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் இங்கேதான் கரையைக் கடந்தது. ஒரு வாரத்துக்கு மாத்திரை கூடுதலாகவே எடுத்து வாருங்கள், சூட்கேஸில் அல்ல, கைப்பையில்.