இயற்றுவித்தல்: இசையுலகில் 'கமிஷன்' என்னும் சொல்

தமிழில் கமிஷன் என்றவுடன் தரகுப் பணமோ விசாரணை ஆணையமோதான் நினைவுக்கு வரும். மேற்கத்தியச் செவ்விசையில் இச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. புதிய படைப்பொன்றை எழுதித் தருமாறு வாழும் இசையமைப்பாளரைக் கேட்டு, அதற்குரிய ஊதியத்தைக் கொடுத்து, பெரும்பாலும் முதன்முதலில் வாசிக்கும் உரிமையையும் பெற்றுக்கொள்வதே அங்கே கமிஷன் எனப்படுகிறது. சென்ற நூற்றாண்டில் தம் காலத்து இசைக்காக உழைத்த கலைஞர் பலரின் வாழ்க்கை இந்தச் செயலைச் சுற்றியே அமைந்தது.

மூலம் 'கொம்மித்தெரே' என்னும் இலத்தீன் வினை. 'கொம்' என்பது சேர்த்தலையும் 'மித்தெரே' என்பது அனுப்புதலையும் குறிக்க, இரண்டும் இணைந்து ஒன்றை ஒருவரிடம் நம்பி ஒப்படைத்தல் என்னும் பொருளைப் பெற்றன. நாம் அன்றாடம் வழங்கும் மிஷன், பர்மிட் ஆகியவையும் இதே வேரிலிருந்து வந்தவை. ஒப்படைத்த வேலையை முடித்தவருக்கு உரிய பங்கு என்ற பொருள் பின்னால் கிளைத்தது. தமிழ்ப் பேச்சில் தங்கிவிட்டது அதுவே.

இசைப் பொருளுக்கு ஆணை, பணிப்பு என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அவை மேலிருந்து கீழே செல்லும் கட்டளையைக் காட்டுகின்றன. தமிழின் பிறவினையே இதற்குப் போதும். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் பிரித்துச் சொல்வது நம் மரபு. தஞ்சைக் கல்வெட்டில் இராசராசன் பெரிய கோயிலை 'நாம் எடுப்பிச்ச' கற்றளி என்கிறான். அவ்வழியில் இயற்றுவித்தல், இயற்றுவித்தவர், இயற்றுவிப்பு என்று சொல்வதே தகும்.

அமெரிக்க வயலின் கலைஞர் லூயிஸ் கிராஸ்னர் 1935இல் இசையமைப்பாளர் ஆல்பன் பெர்கிடம் ஒரு கன்செர்ட்டோ (தனிக் கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து ஒலிக்கும் படைப்பு) கேட்டபோது, பெர்க் 'லூலு' என்னும் ஓபராவில் மூழ்கியிருந்தார், முதலில் தயங்கினார். பன்னிரண்டு சுரங்களையும் சமமாகக் கையாளும் பன்னிரு சுர முறை மூளைக்கு மட்டுமே உரியது என்ற பழியை உங்கள் வயலின் இசையால்தான் துடைக்க முடியும் என்று கிராஸ்னர் வாதிட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் பெர்க் அறிந்த மனோன் குரோப்பியுஸ் 18 வயதில் இறந்துபோக, அந்தத் துயரம் கேட்கப்பட்டிருந்த படைப்புக்குள் புகுந்தது. 'ஒரு தேவதையின் நினைவுக்கு' என்ற காணிக்கையுடன் கோடையிலேயே அதை முடித்த பெர்க், டிசம்பர் 24 அன்று மறைந்தார். 1936 ஏப்ரல் 19 அன்று பார்சிலோனாவில் கிராஸ்னர் அதை முதன்முதலில் வாசித்தார். இயற்றியவர் தம் காதால் கேட்காத இசையை இயற்றுவித்தவர் வாசித்த அந்த நிகழ்வை 'ஆணை' என்னும் சொல்லால் எப்படிக் குறிப்பது?

இயற்றுவித்தவர் எல்லோரும் வாசித்தவர் அல்லர் என்பதையும் இச்சொல் காத்துத் தருகிறது. முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பவுல் விட்கென்ஸ்டைன், இடக்கைக்கு மட்டுமான படைப்புகளைப் பலரிடம் இயற்றுவித்தார். ரவேலின் கன்செர்ட்டோவை 1932இல் வியன்னாவில் அரங்கேற்றினார். புரோகோஃபியெவ் எழுதித் தந்ததையோ ஒருநாளும் வாசிக்கவில்லை. 1923இல் ஹிண்டமித் எழுதியது விட்கென்ஸ்டைனின் தாள்களுக்கிடையே கிடந்து, 2004இல் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷர் விரல்களில்தான் முதன்முதலில் ஒலித்தது.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1926இல் ஓர் அறை இசைக்குழுவை நிறுவிய பவுல் சாகர், பார்ட்டோக்கின் 'தந்தி, தாளக் கருவிகள், செலஸ்டா ஆகியவற்றுக்கான இசை'யை இயற்றுவித்தார். 1973இல் தொடங்கிய குரோனோஸ் என்னும் தந்திக் கருவி நால்வர் குழு, தன் முதல் இயற்றுவிப்புக்கு ஒரு பை டோனட்டையே ஊதியமாகக் கொடுத்தது. இன்று அதன் இயற்றுவிப்புகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

காணிக்கையாக வந்த படைப்பை இயற்றுவித்ததாக எழுதிவிடக் கூடாது. செல்லோ கலைஞர் ரொஸ்ட்ரொபோவிச் இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச்சிடம் தமக்கென ஒரு படைப்பைப் பெற விரும்பியபோது, அதைப் பற்றி அவரிடம் வாயே திறக்காதே என்று ஷொஸ்டகோவிச்சின் மனைவி நீனா அறிவுறுத்தினார். ரொஸ்ட்ரொபோவிச் அப்படியே காத்திருந்தார். 1959இல் முதலாம் செல்லோ கன்செர்ட்டோ தானாகவே வந்தது. நான்கே நாளில் அதை மனப்பாடம் செய்து, அக்டோபர் 4 அன்று லெனின்கிராடில் அரங்கேற்றினார். அப்படைப்பு அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்று எழுதுவதே சரி.