மாலத்தீவின் மணலுக்கு அடியில் மிதக்கும் நன்னீர்

மாலத்தீவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. ஏறக்குறைய 1,190 தீவுகள். மக்கள் வசிப்பது அவற்றில் 190-க்கும் குறைவானவற்றில்தான். நாட்டின் மிக உயரமான இயற்கை மேடே கடல் மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டரைத் தொடாது. ஆனாலும் ஓரளவு அகலமான தீவில், கடலை விட்டுச் சற்றுத் தள்ளி ஓர் ஆள் ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கயிறுகூட வேண்டாம். நீண்ட கம்பின் நுனியில் கிண்ணத்தைக் கட்டி மொண்டுகொள்வார்கள்.

கடல்நீரை மணல் வடிகட்டித் தருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கரைந்த உப்பை மணலால் பிரிக்க முடியாது. கிணற்றில் ஊறுவது முழுக்க முழுக்க மழைநீர்.

அது எப்படி அங்கே தங்குகிறது? இந்தத் தீவுகள் நிற்பது மூழ்கிப்போன எரிமலைகளின் மேல். எரிமலை மெல்லத் தாழத் தாழ, வெளிச்சத்தைத் தேடிப் பவளங்கள் மேல்நோக்கி வளர்ந்தன. 1842-இல் சார்லஸ் டார்வின் தந்த இந்த விளக்கம் அடிப்படையில் இன்றும் நிற்கிறது. மாலத்தீவின் அடியில் சுண்ணாம்புப் பாறை இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தடித்திருக்கிறது. அதன் உச்சியில் பவளத் துண்டுகளும் சிப்பிப் பொடியும் சேர்ந்து தீவானது. கிளி அலகு போன்ற வாயால் பவளப் பாறையைக் கொறித்துக் கழிவாக வெளியேற்றும் மீன்களுக்கும் அந்த வெள்ளை மணலில் பெரும் பங்கு உண்டு.

இந்த மணலில் பெய்யும் மழை ஓடுவதில்லை, உள்ளே இறங்குகிறது. கீழே ஏற்கெனவே கடல்நீர் நிறைந்திருக்கிறது. அது நன்னீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தியானது. அதனால் மழைநீர் அதன்மேல் மிதக்கிறது, டம்ளர் தண்ணீரில் பனிக்கட்டி மிதப்பதுபோல, பெரும்பகுதி கீழே அமிழ்ந்தபடி. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு பங்கு நன்னீர் நின்றால் கீழே நாற்பது பங்கு இருக்கும். நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருப்பதால் இதை நன்னீர் லென்ஸ் என்கிறார்கள். நடைமுறையில் அந்த முழுத் தடிமனும் கிடைப்பதில்லை. சற்று ஆழத்தில் ஓட்டைகள் நிறைந்த பழைய சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். அதற்குள் கடலின் ஏற்றமும் இறக்கமும் புகுந்து உப்பைக் கலக்கிவிடும். மிஞ்சுவது சில மீட்டர் தடிமன்தான்.

இந்த மெல்லிய படலத்தை வைத்துப் பார்த்தால் அந்த நாட்டின் பொருளாதார வரலாறு நன்றாகப் புரிகிறது. குடிக்கத் தண்ணீர் போதும், நெல் விளைவிக்கப் போதாது. எனவே அரிசி கடல் தாண்டித்தான் வர வேண்டும். அதற்கு ஈடாக மாலத்தீவினர் சோழிகளையும் கயிற்றையும் காய்ந்த சூரை மீனையும் அனுப்பினார்கள். வங்காளத்தில் அந்தச் சோழி காசாகவே புழங்கியது. இலங்கைச் சமையலில் இன்றும் மணக்கும் மாசிக்கருவாடு அந்தச் சூரைதான்.

லென்ஸ் எப்படி அழியும் என்பதற்குத் தலைநகர் மாலே சாட்சி. இரண்டு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள அந்தத் தீவில் மக்கள் நெருங்க நெருங்க, மழை ஈடுகட்டுவதைவிட அதிகமாக நீர் எடுக்கப்பட்டது. மிதக்கும் நீரை மேலே உறிஞ்சினால் கீழிருந்து உப்புநீர் ஏறி வரும். கழிவுநீரும் அதே மணலில்தான் இறங்கியது. 1980-களிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை நம்ப வேண்டிய நிலை வந்துவிட்டது. 2014 டிசம்பரில் அந்த நிலையத்தில் தீப்பிடித்ததும் நகரம் முழுவதும் தண்ணீருக்குத் தவித்தது. இந்தியா விமானங்களிலும் கப்பலிலும் குடிநீர் அனுப்பியது.

2004 சுனாமி மற்றத் தீவுகளுக்கும் இதே பயத்தைக் காட்டியது. அலை தரையைக் கடந்து போன இடங்களில் உப்பு மேலிருந்தே கிணற்றில் இறங்கியது. அதை மழைதான் மெல்ல மெல்லக் கழுவ வேண்டும். அப்புறம் வீடுதோறும் மழைநீர்த் தொட்டிகள் பெருகின.

கடல் மட்ட உயர்வு என்றதும் மாலத்தீவு மூழ்கும் நாளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். தரை மூழ்குவதற்கு வெகுகாலம் முன்பே கிணறு கெட்டுவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கரை அரித்துத் தீவு குறுகினால் லென்ஸும் மெலியும். அலை அடிக்கடி ஏறினால் மழை கழுவி முடிப்பதற்குள் அடுத்த உப்பு வந்துவிடும். கடல்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். அவற்றை ஓட்டும் மின்சாரம் பெரும்பாலும் டீசலில் கிடைக்கிறது. அந்த டீசலும் கப்பலில்தான் வர வேண்டும்.